சமூக அறிவியல் பட்டம் படிப்பது எப்படி? டர்பன் மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு முழு வழிகாட்டி

பள்ளி இறுதித் தேர்வான மேட்ரிக்கை முடிக்கும் பிள்ளை "சோஷியல் சயின்ஸ் எடுக்கப் போகிறேன்" என்று சொன்னால் டர்பனைச் சுற்றி நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" கேள்வியில் தவறில்லை. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து, கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே வர நம்மவர்களுக்குக் கிடைத்த உறுதியான வழி படிப்பு. அதில் பிள்ளை தவறான கதவைத் தட்டிவிடக் கூடாதே என்ற கவலை பெற்றோருக்கு இருக்கத்தான் செய்யும். வேலை பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில், இந்தப் படிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்பது.

நான் சொல்ல வருவதன் சாரம் இது. வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்த செய்திகள் சமூக அறிவியல் மாணவருக்குப் பெரிய கைமுதல். ஆனால் அவற்றைச் சோதித்துச் சான்றாக மாற்றத் தெரியாதவரை அவற்றுக்கு மதிப்பெண் கிடைக்காது. மூன்று ஆண்டுகளில் கற்க வேண்டிய தொழில் இந்த மாற்றம்தான்.

படி 1: மேட்ரிக்கில் கவனிக்க வேண்டியது

பட்டப்படிப்புக்குத் தகுதி பெற, ஹோம் லாங்குவேஜ் எனும் முதல் மொழிப் பாடத்தில் குறைந்தது 40 விழுக்காடும், வாழ்க்கைத் திறன் பாடமான லைஃப் ஓரியன்டேஷன் நீங்கலாக நான்கு பாடங்களில் 50 விழுக்காடும் வேண்டும். இது நாடு முழுவதற்குமான அடிப்படை. இதற்கு மேல் பல பல்கலைக்கழகங்கள், மேட்ரிக் மதிப்பெண்களைப் புள்ளிகளாக்கிக் கூட்டும் ஏ.பி.எஸ். என்ற கணக்கை வைத்திருக்கின்றன.

மேத்ஸா, அன்றாடக் கணக்குக்கான மேத்ஸ் லிட்டா என்ற முடிவு பத்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. சமூகவியல், அரசியல் அறிவியல், வரலாறு ஆகியவற்றுக்கு மேத்ஸ் லிட் பெரும்பாலும் தடையாக இருக்காது. பொருளாதாரத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்க நினைத்தால் அசல் கணிதமே வேண்டும். உளவியலில் புள்ளியியல் தவிர்க்க முடியாதது. கணிதத்தைக் கண்டு ஒதுங்கி உளவியலுக்கு வரும் பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் திணறுவதைப் பார்க்கிறேன்.

ஆங்கிலத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தேர்ச்சி பெறும் அளவு ஆங்கிலம் போதாது. முப்பது பக்கக் கட்டுரை ஒன்றை ஒரே மாலையில் படித்து, அதன் வாதத்தை ஐந்து வரியில் சொல்லும் அளவுக்கு வேண்டும்.

படி 2: விண்ணப்பமும் பணமும்

குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் சி.ஏ.ஓ. எனப்படும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக விருப்ப வரிசை கொடுத்து விண்ணப்பிப்பது நீண்ட கால வழக்கம். கடைசித் தேதியை அந்தந்த ஆண்டு நேரடியாகப் பாருங்கள். அண்ணன் போன வருடம் சொன்ன தேதியை நம்ப வேண்டாம். விருப்ப வரிசையில் முதலிடம் முக்கியம். அதில் நாம் உண்மையில் விரும்பும் படிப்பைப் போட வேண்டும், பெரியப்பா பெருமைப்படும் படிப்பை அல்ல.

குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருக்கும் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். இது அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்கானது. பல்கலைக்கழக விண்ணப்பம் வேறு, இது வேறு. இரண்டையும் தனித்தனியே போட வேண்டும். வருமானம் அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டும் குடும்பங்கள்தான் அதிகம் நெருக்கடிப்படுகின்றன. அவர்கள் அந்தந்தப் பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகத்தில் உதவித்தொகைப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த அரசு உதவி கிடையாது. கட்டணத்தையும் பிள்ளைக்குத் தேவையான படிப்பு விசாவையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க யூனிசா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1946 முதல் தபால்வழிக் கல்வி நடத்தும் நிறுவனம் அது. கறுப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் மற்றக் கதவுகள் மூடியிருந்த காலத்தில் பகலில் வேலையும் இரவில் படிப்புமாக அதில் பட்டம் வாங்கிய ஆசிரியர்கள் நம் ஊர்களில் உண்டு. தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கு யூனிசா நல்லது. பள்ளியிலிருந்து நேராக வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, வாய்ப்பிருந்தால், வகுப்புக்குப் போகும் படிப்பையே பரிந்துரைப்பேன்.

படி 3: மேஜர் தேர்வு

முதல் ஆண்டில் நாலைந்து துறைகளை எட்டிப் பார்க்கலாம். மூன்றாம் ஆண்டில் பொதுவாக இரண்டு மேஜர் நிற்கும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும். சமூகவியலும் வரலாறும் நல்ல இணை. அரசியல் அறிவியலும் பொருளாதாரமும் நல்ல இணை. குற்றவியலோடு உளவியலைப் பலர் எடுக்கிறார்கள். அதோடு புள்ளியியல் மாட்யூல் (பாடப் பிரிவு) ஒன்றையும் சேர்த்தால் வேலைச் சந்தையில் மதிப்பு கூடும்.

பெற்றோர் இரண்டு செய்திகளைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். உளவியல் மேஜரோடு மூன்று ஆண்டு படித்தவர் உளவியலாளர் ஆகிவிட முடியாது. ஆனர்ஸ் என்ற நான்காம் ஆண்டு, முதுகலை, பயிற்சி, பிறகு சுகாதாரத் தொழிலருக்கான கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு என்று நீண்ட பாதை அது. முதுகலைக்கு இடம் கிடைப்பதும் கடினம். சமூகப்பணி அப்படியில்லை. அது தொடக்கத்திலிருந்தே தனியான நான்காண்டுப் பட்டம். முடித்ததும் அதற்குரிய கவுன்சிலில் பதிவு செய்து வேலை பார்க்கலாம். மக்களோடு நேரடியாக வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முதல் நாளிலேயே சமூகப்பணிக்கு விண்ணப்பியுங்கள்.

படி 4: நேரக் கணக்கு

ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் மாட்யூல் 160 மணி நேரம். செமஸ்டருக்கு நான்கு மாட்யூல் என்றால் 640 மணி நேரம். தேர்வையும் சேர்த்துப் பதினாறு வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 40 மணி நேரம். இது முழுநேர வேலை. இதில் லெக்சர் ஒரு சிறு பங்குதான். மீதி வாசிப்பும் எழுத்தும். "இன்றைக்குக் கிளாஸ் ரெண்டு மணி நேரம்தானே" என்று வீட்டில் கடை வேலைக்கு அனுப்பும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

முதல் வாரத்தில் கையில் கிடைக்கும் கோர்ஸ் அவுட்லைனை முழுதாகப் படியுங்கள். எந்தத் தேதியில் எந்த அசைன்மென்ட், எதற்கு எத்தனை விழுக்காடு, டி.பி. பெற என்ன நிபந்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். டி.பி. கிடைக்காவிட்டால் தேர்வே எழுத முடியாது. டுடோரியலைத் தவறவிட்டு அதை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

படி 5: கேள்வியோடு வாசிப்பு

வரிக்கு வரி மஞ்சள் கோடு போடுவது வாசிப்பாகாது. கட்டுரையைத் திறக்கும் முன் ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இவர் யாரோடு வாதாடுகிறார்? இவருடைய பதில் என்ன? அதற்கு என்ன சான்று வைத்திருக்கிறார்? அந்தச் சான்று அந்தப் பதிலைத் தாங்குமா? முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படியுங்கள். பிறகு நடுப்பகுதியில் சான்றைத் தேடுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் சொந்த வார்த்தையில் பதில்களை எழுதுங்கள். தமிழில் யோசிக்க எளிதாக இருந்தால் முதல் குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம். மேற்கோள் எடுத்த பக்க எண்ணை அப்போதே குறித்துவிடுங்கள். கடைசி இரவில் அதைத் தேடி அலைய நேராது.

நம் மண்ணின் ஆய்வாளர்களைத் தேடிப் படியுங்கள். ஃபாத்திமா மீர் டர்பனில் பிறந்தவர். 1950களில் நேட்டால் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பிக்கத் தொடங்கினார். இனவெறி அரசின் தடை உத்தரவுகளுக்கு உள்ளானவர். 1969இல் தென்னாப்பிரிக்க இந்தியரின் வாழ்வைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1960இல் ஹில்டா கூப்பர் நேட்டால் இந்தியர் பற்றி எழுதிய மானுடவியல் நூலும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், உள்ளிருந்து பார்ப்பவர் எதைக் காண்கிறார், வெளியிலிருந்து வருபவர் எதைக் காண்கிறார் என்று நீங்களே ஒப்பிடலாம். மானுடவியலாளர் ஆர்ச்சி மஃபேஜேயையும் விட்டுவிடாதீர்கள். 1968இல் கேப் டவுன் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்த பணி நியமனத்தை அரசின் நெருக்குதலுக்குப் பணிந்து திரும்பப் பெற்றது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஆப்பிரிக்கச் சமூகத்தை யார், எந்தக் கண்ணோடு ஆராய்வது என்று அவர் எழுப்பிய கேள்விகள் இன்றைய வகுப்பறையிலும் விவாதத்தில் இருக்கின்றன.

படி 6: கோட்பாட்டைப் பயமில்லாமல் கையாள்வது

சமூகவியலின் முன்னோடிகளான மார்க்ஸ், வெபர், துர்கைம் என்ற மூன்று பெயர்கள் முதல் ஆண்டிலேயே வந்து நிற்கும். பலரும் வரையறைகளை மனப்பாடம் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி: நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு மூவரையும் அதன் முன் நிறுத்துங்கள்.

நேட்டால் இந்தியத் தொழிலாளரின் 1913 வேலைநிறுத்தத்தையே எடுப்போம். ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கிய தொழிலாளர் மீது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி. அதைக் கட்ட முடியாதவர்கள் மறுபடியும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும். அந்த அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நவம்பரில் கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. 1914இல் வரி ஒழிந்தது. சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாளில் 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் நம் வீடுகளில் தெரிந்ததுதான்.

மார்க்ஸ் வழியில் போகிறவர் வரியைப் பார்ப்பார். மலிவான உழைப்பு கை நழுவாமல் இருக்க அரசும் முதலாளியும் சேர்ந்து போட்ட பூட்டு அது என்பார். வெபர் வழியில் போகிறவர், வேலைநிறுத்தத்துக்கு அழைத்த காந்தியைப் பார்ப்பார். பதவியோ படையோ இல்லாத ஒருவரின் சொல்லுக்கு ஆயிரக்கணக்கானோர் ஏன் கட்டுப்பட்டார்கள் என்று கேட்பார். துர்கைம் வழியில் போகிறவர் தோட்ட லைன்களையும் கோயில்களையும் திருவிழாக்களையும் பார்த்து, வெவ்வேறு ஊர், சாதி, மொழிக்காரர்களிடையே பிணைப்பு எப்படி உண்டானது என்று ஆராய்வார்.

இனி சான்றைக் கொண்டு மூவரையும் சோதியுங்கள். கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வேகம் எடுத்தபோது காந்தி சிறையில் இருந்தார். அப்படியென்றால் தலைவரின் ஈர்ப்பு மட்டும் போதுமான விளக்கமா? வரி எல்லாரையும் ஒரே மாதிரி பாதித்ததா? வரி கட்ட வேண்டிய நிலைக்கே இன்னும் வராத, ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் ஏன் வேலையை நிறுத்தினார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியதும் கோட்பாடு கையில் பிடிபட்டுவிடும். தேர்வில் எந்த நிகழ்ச்சி வந்தாலும் இதே முறைதான்.

படி 7: கட்டுரை எழுதுவது

மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது கட்டுரை. ஓர் எடுத்துக்காட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்போம்.

"சாட்ஸ்வொர்த்துக்கு வந்த பிறகுதான் கூட்டுக்குடும்பம் போச்சு" என்று ஆயாக்களும் தாத்தாக்களும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் உண்மை இருக்கலாம். ஆனால் இது இன்னும் ஒரு கூற்றுதான். இதைக் கேள்வியாக்குங்கள்: குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் நடந்த இடமாற்றம், டர்பன் தமிழ்க் குடும்பங்களின் கூட்டு வாழ்க்கையை எந்த அளவுக்கு மாற்றியது? இப்போதும் பரப்பு பெரிது. இன்னும் சுருக்குங்கள். சோம்ட்சூ சாலையருகே நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக மேகசின் பாராக்ஸ் இருந்தது. அங்கே தமிழரும் தெலுங்கரும் பெருவாரி. 1960களில் அந்தக் குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டன. அந்த ஒரு குடியிருப்பு, அந்த ஒரு பத்தாண்டு என்றால் இரண்டாம் ஆண்டுக் கட்டுரைக்குச் சரியான அளவு.

அடுத்து, போட்டி விளக்கங்களைப் பட்டியலிடுங்கள். நகராட்சி கட்டிய சிறிய கவுன்சில் வீடுகள் பெரிய குடும்பத்தைப் பிரித்திருக்கலாம். அதே காலத்தில் பெண்கள் துணி ஆலைகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். கையில் சம்பளம் வந்ததும் மருமகளின் நிலை மாறியிருக்கலாம். பள்ளிப் படிப்பு கூடியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஊர் மாறாமல் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டிலேயே இருந்த குடும்பங்களிலும் கூட்டு வாழ்க்கை குறைந்திருந்தால், இடமாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஒப்பிட ஓர் இடம் வைத்திருப்பது இந்தத் துறையின் மிகப் பயனுள்ள பழக்கம்.

சான்றுக்கு எங்கே போவது? குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கிறது. 1961இல் சாலிஸ்பரி தீவில் இந்தியருக்கென்று தனியாக ஒரு கல்லூரியை அரசு தொடங்கியது. அது பின்னர் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகமானது. பிரித்து வைக்க எழுப்பிய நிறுவனத்தில் சேர்ந்த ஆவணங்கள் இன்று நம் பிள்ளைகளின் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. டர்பனின் பெரியா பகுதியில் கில்லி கேம்பல் நூலகமும், நகரத்தில் 1860 ஹெரிடேஜ் சென்டரும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளரின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடல் அடையாளம் எல்லாம் பதிவாகியிருக்கும். ஒரு குடும்பத்தின் கதையைச் சரிபார்க்க அது நல்ல தொடக்கம். அந்தப் பதிவை எழுதிய குமாஸ்தா தமிழ்ப் பெயர்களைத் தன் காதுக்கு எட்டியபடி எழுதினார் என்பதை மறக்காதீர்கள். ஒரே பெயரைப் பல எழுத்துகளில் தேட வேண்டியிருக்கும்.

எழுதும்போது முதல் பத்தியிலேயே உங்கள் பதிலைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பத்தியும் அந்தப் பதிலை ஒரு படி நகர்த்த வேண்டும். உங்கள் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றை மறைக்காமல் எடுத்துவைத்துப் பதில் சொல்லுங்கள். முதல் வரைவை முடித்து இரண்டு நாள் விட்டுத் திருத்துங்கள். பிறர் எழுத்தையோ செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததையோ தன் பெயரில் கொடுப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குக் கொண்டுபோகும். அதைவிடப் பெரிய இழப்பு, யோசிக்கும் பயிற்சி உங்களுக்குக் கிடைக்காமல் போவது.

படி 8: மனிதரிடம் பேசும்போது

நேர்காணல் எடுப்பதற்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பேசுகிறவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும். சொந்த ஆயாவிடம் பேசினாலும் இதே விதிதான். சொந்தக்காரர் என்பதால் அவர் சொல்லும் எல்லாமே எழுதத் தக்கதாகிவிடாது. பேட்டி கொடுத்தவர் பிறகு மனம் மாறி "அதைப் போடாதே" என்றால் எடுத்துவிடுங்கள்.

வலி நிறைந்த விஷயங்களில் இன்னும் கவனம் தேவை. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே வெடித்த கலவரத்தில் அதிகாரக் கணக்குப்படி 142 பேர் இறந்தார்கள். இறந்தவரில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். நம் வீடுகளில் இந்தக் கதையின் ஒரு பக்கம் மட்டுமே சொல்லப்படுகிறது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஃபீனிக்ஸ் பகுதியில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதைப் பற்றியும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை இருக்கிறது. மனித உரிமை ஆணையம் பொது விசாரணை நடத்தி அறிக்கை கொடுத்திருக்கிறது. அதைப் படித்த பிறகே இதைத் தொடுங்கள். உங்கள் தெருவின் கதையையும் ஃபீனிக்ஸை அடுத்து ஆப்பிரிக்கர் வாழும் இனாண்டாவிலோ பம்பாயியிலோ பிள்ளையை இழந்த தாயின் கதையையும் ஒரே அளவுகோலில் சோதிக்கத் தெரிந்தால்தான் நீங்கள் ஆய்வாளர். இது நம் சமூகத்துக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. பக்கத்து ஊர்க்காரரோடு நாளைக்கும் சேர்ந்து வாழ வேண்டியவர்களுக்கு முழு உண்மை தேவை.

இதற்கு சூலு மக்களின் மொழியான இசிசூலு வேண்டும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு இசிசூலு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாஸ் செய்துவிட்டு மறக்கும் பாடமாக நினைக்காதீர்கள். இந்த மாகாணத்தில் மக்களிடம் அவர்கள் மொழியில் கேள்வி கேட்கத் தெரிந்த சமூக ஆய்வாளருக்கு எங்கும் வரவேற்பு உண்டு.

படி 9: எண்கள்

2022 சென்சஸ்படி இந்தியர் அல்லது ஆசியர் என்ற பிரிவில் வருவோர் மக்கள்தொகையில் 2.7 விழுக்காடு. இதை அப்படியே எடுத்து எழுதுவதற்கு முன் இரண்டைக் கவனியுங்கள். அந்த சென்சஸில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் எண்ணப்படாமல் விடுபட்டதாகப் பின்கணக்கெடுப்பில் தெரிந்து, அதற்கேற்ப எண்கள் சரிசெய்யப்பட்டன. மேலும், அந்தப் பிரிவுக்குள் தமிழர் எத்தனை என்று அந்த எண் சொல்லாது. ஒவ்வோர் எண்ணையும் யார், எப்படி, யாரை விட்டுவிட்டு எண்ணினார்கள் என்று கேட்கப் பழகுங்கள். எஸ்.பி.எஸ்.எஸ்., ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்களில் ஒன்றை இரண்டாம் ஆண்டுக்குள் கற்றுக்கொள்ளுங்கள், ஆர் இலவசம்.

படி 10: மூன்றாம் ஆண்டும் வேலையும்

பட்டம் முடித்தவர்கள் நகராட்சி, தொண்டு நிறுவனங்கள், மனிதவளத் துறை, செய்தித்துறை, கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் ஆகியவற்றுக்குப் போகிறார்கள். பி.ஜி.சி.இ. என்ற ஓராண்டு ஆசிரியப் பயிற்சியை முடித்துப் பள்ளி ஆசிரியராகலாம். அதற்கு மேஜர் பாடம் பள்ளியில் கற்பிக்கும் பாடமாக இருக்க வேண்டும், ஆகவே வரலாறு, புவியியல் எடுத்தவருக்கு வழி எளிது. மூன்றாண்டுப் பட்டத்தோடு நின்றால் போட்டி கடுமை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனர்ஸ் இன்னும் ஓராண்டு, 120 கிரெடிட். குடும்பத்தால் முடியுமானால் அதுவரை போவது நல்லது. என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். முதல் பட்டத்துக்கான உதவி என்பதால், அந்த ஓராண்டுச் செலவுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே திட்டமிடுங்கள்.

ஆனர்ஸ் சேர்க்கைக்கு மேஜர் பாடத்தில் மூன்றாம் ஆண்டு மதிப்பெண் பார்க்கப்படும். 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு உங்கள் எழுத்தை நன்றாக அறிந்த இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். ஆகவே இரண்டாம் ஆண்டு முதலே அவர்கள் மாணவரைச் சந்திக்கும் நேரத்தில் போய், திருத்திக் கொடுத்த கட்டுரையை எடுத்துக்காட்டி, எங்கே வாதம் தளர்ந்தது என்று கேளுங்கள். கடிதம் கேட்கும்போது உங்கள் சிறந்த கட்டுரையின் படி, மதிப்பெண் பட்டியல், ஆய்வு செய்ய நினைக்கும் கேள்வி பற்றிய ஒரு பக்கக் குறிப்பு மூன்றையும் சேர்த்து, கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.